சொந்தக்காரர் இல்லாத நாடு

“ஒஸ்திரேலியா?”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? மெல்பேணிலை என்ரை மாமாவின்ரை மூத்தவன் இருக்கிறான். நாலு பிள்ளையள்.”

“நியூசிலாந்து?”

“ஒக்லாந்திலை இந்திரகுமார். என்னோடை ஒண்டாப் படிச்சவன். அங்கை போய் அவன்ரை வீட்டிலை நிக்காட்டில் ஆயுளுக்கும் கதைக்கமாட்டான்.”

“தென்னாபிரிக்கா?”

“செபஸ்ரியன் மாஸ்ரரின்ரை மகள் டேர்பனிலை டொக்டர்.”

2006ஆம் ஆண்டு, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், மகள் யதுர்ஷாவின் பழைய உலகப்படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வசந்தமலர் தன் கணவர் குலேந்திரனை விசாரணை செய்துகொண்டிருந்தாள். நாடுகள் ஒவ்வொன்றாக அடிபட்டுப் போயின. எங்கள் ஆட்கள் விட்டுவைத்த மூலை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அவள் விரல் பக்கத்தின் வலது ஓரத்துக்குப் போய் நின்றது.

“யப்பான்?”

குலேந்திரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மனிதர் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவர். நகரத்தின் தெருக்கள் எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. சொந்தக்காரரின் விலாசங்கள் அதைவிடத் தண்ணிபட்ட பாடு. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

“ஒரு பெடியன் கப்பலிலை போனவன்... இல்லை, அவன் கொரியாவிலை எல்லோ இறங்கினவன். பொறும், பொறும். கேட்டுப் பாக்கிறன். ஆராவது இருக்க வேணுமே!”

“கேக்க வேண்டாம்” என்றாள் வசந்தமலர். “கேட்டால் ஆரையாவது கண்டுபிடிச்சுப் போடுவியள். யப்பான்தான். முடிஞ்சுது.”

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்கப்பா போறது?”

“அதுக்குத்தான்.”

இதை வைத்துக்கொண்டு வசந்தமலர் ஆட்களோடு ஒட்டாத மனுசி என்று யாராவது நினைத்தால் அது பெரும் பிழை. நோர்வேக்கு வந்த பதினெட்டு வருடத்தில் அவள் ஆறு நாடுகளுக்குப் போயிருக்கிறாள். கலியாணம், சாமத்தியவீடு, குடிபுகுதல் என்று ஏதாவது ஒன்று. ஆறு நாட்டிலும் அவள் கண்டது ஆறு குசினிகள். லண்டன் வெம்பிளியில் ஒரு குசினி, அதில் அடுப்பு இடது பக்கம். பாரிஸில் ஒரு குசினி, அதில் நின்று திரும்ப இடமில்லை. ஈபிள் கோபுரத்தை அவள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே, ஒரு சொட்டுக் கண்டாள். அதுவும் அது கோபுரம்தானா, வேறு ஏதாவது கம்பமா என்று இன்று வரைக்கும் நிச்சயமில்லை. வசந்தமலரின் அரியதரப் பலகாரம் வாயில் வைத்தால் கரையும் என்று யார் முதலில் சொல்லித் தொலைத்தார்களோ, அந்தக் கதை அவளுக்கு முன்னாலேயே விமானமேறிப் போய் ஒவ்வொரு நாட்டிலும் அவளுக்காக மாவை அரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அதில் கனடாவைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. 2001ஆம் ஆண்டு கோடை. குலேந்திரனுடைய பெரியப்பாவின் மகன் மகேசன், ரொறொன்ரோவில் இருந்தவர், மகளுக்குக் கலியாணம் செய்தார். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்த விருந்தாளிகளை எல்லாம் நயாகரா நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிப் போனார்கள். இரண்டு வான் வண்டிகள். வசந்தமலர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்து, கைகால் கழுவி, புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தபோது வான்கள் உறுமிக்கொண்டு நின்றன. “நில்லுங்கோ, நானும் வாறன்!” என்றாள். உள்ளே பாட்டும் சிரிப்பும். மகேசன் முன் யன்னலால் தலையை நீட்டினார். “ஐயோ வசந்தி, வானிலை இடமில்லையே! அடுத்த முறை வரேக்கை கட்டாயம் காட்டுறன்” என்றார். வான் போய்விட்டது. அவள் திரும்பிப் போய் அரியதரம் சுட்டாள்.

அன்றைக்கு எடுத்த படம் ஒன்று ஒஸ்லோவுக்கும் வந்தது. நீல நிறப் பிளாஸ்ரிக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருபது பேர் நனைந்துபோய் நிற்கிறார்கள். நடுவில் குலேந்திரன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் வசந்தமலர் வேலை செய்வது ஒரு பாலர் பள்ளியில். கோடை விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் நோர்வேக்காரர் ஒருவரையொருவர் விட மாட்டார்கள்: எங்கே போனாய், என்ன பார்த்தாய்? இவள் கனடா என்றதும் எல்லோரும் ‘நயாகரா!’ என்று வாயைப் பிளந்தார்கள். வெட்கத்தில் அவள் “ஓம், பார்த்தேன், மிகவும் பெரியது” என்று சொல்லிவிட்டாள். அப்போது அவள் மடியில் இருந்த ஈடா என்ற நாலு வயதுச் சின்னவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “நீ நனைந்தாயா?”

நாலு வயதுப் பிள்ளையிடம் பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டது போல வசந்தமலருக்கு முகம் எல்லாம் எரிந்தது. அன்றைக்கே அவள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். அது காலுக்கு வர ஐந்து வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

இப்போது காலுக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் விடுமுறையோடு சேர்த்து இருவருக்கும் லீவு எடுத்தாயிற்று. மார்ச் முப்பதாம் தேதி புறப்பட்டு, ஏப்ரல் பத்தாம் தேதி திரும்புகிற குழுப் பயணம். டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, மியாஜிமா. ஒவ்வொரு ஊரிலும் பார்க்கப் போகும் இடங்களின் பெயர் போட்ட தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள். காலையில் பால் எடுக்கும்போது ஒரு முறை, மாலையில் கறி எடுத்துச் சூடாக்கும்போது ஒரு முறை வாசித்தாள். கியோட்டோவில் ஒரு மலை இருக்கிறதாம். அடிவாரம் முதல் உச்சி வரை ஆயிரக்கணக்கான சிவப்பு வாசல்களுக்கு ஊடாக ஏற வேண்டுமாம், ஏறி இறங்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செல்லுமாம் என்று நூலகப் புத்தகத்தில் படித்த நாளிலிருந்து, வேலை முடிந்ததும் ஹவுகெட்டோ நிலையத்திலிருந்து ஹோல்ம்லியா மேடு வரை பனிக்குள் நடக்கத் தொடங்கினாள். சப்பாத்தின் கீழே முள்ளுப் பட்டி மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, நாலு மாதம். “உந்த மேட்டிலை உமக்கு என்ன வேலை?” என்று குலேந்திரன் கேட்டால், “யப்பானுக்கு நடக்கிறன்” என்பாள்.

மார்ச் எட்டாம் தேதி மத்தியானம் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. மகேசன் மாரடைப்பில் போய்விட்டார்.

குலேந்திரன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். அவருக்கு அண்ணை முறை. சின்ன வயதில் சைக்கிள் ஓடப் பழக்கிவிட்டவர். வசந்தமலரும் அழுதாள். உண்மையாகவே அழுதாள். அந்த மனிதர் கெட்டவரில்லை. வெள்ளைச் சிரிப்பும் பெரிய கையும். வானில் இடம் பார்க்கத் தெரியாது, வேறொரு குற்றமும் சொல்ல முடியாது.

அழுது முடித்து, முகம் கழுவி, தேநீர் ஊற்றிக் கொடுத்தபோதுதான் குலேந்திரன் குளிர்சாதனப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

“துடக்கெல்லோ” என்றார்.

தகப்பன் வழிச் சொந்தத்தில் சாவு என்றால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தால்தான் கழியும். எட்டாம் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினால், அந்தியேட்டி ஏப்ரல் ஏழு. பயணத்தின் நட்டநடுவைத் தாண்டி!

குலேந்திரன் எழுந்து போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளில் விரல் வைத்து எண்ணினார். “மொத்தம் பதினொரு இடம். அதிலை ஏழு கோயில். உது சுற்றுலாவே, தலயாத்திரையெல்லோ! அதுவும் அரைவாசி புத்த கோயில். நாங்கள் ஊரிலையிருந்து எதுக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் எண்டு மறந்து போச்சோ?”

“யப்பான் புத்தர் எங்களை ஒண்டும் செய்யேல்லை” என்றாள் அவள்.

“அது சரி. துடக்கோடை எப்பிடிப் போறது? அதோடை அந்தியேட்டிக்கு எல்லாரும் ரொறொன்ரோவுக்கு வருகினம். லண்டன் ஆக்கள், பாரிஸ் ஆக்கள். எங்களுக்கு லீவும் இருக்கு. ரிக்கற்றை மாத்தினால் சரி. அண்ணையின்ரை மனுசி புஷ்பமக்காவும் கேட்டவ, வசந்தி வந்தால் சமையல் பக்கம் பயமில்லை எண்டு.”

சொந்தக்காரர் இல்லாத நாடு என்று தேடிப் பிடித்தால், செத்த சொந்தக்காரர் வந்து குறுக்கே நிற்கிறார்! அந்த ரொறொன்ரோ வீட்டின் குசினி அப்படியே அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. யன்னலுக்குக் கீழே கழுவும் தொட்டி, மூலையில் மாவு வாளி. ஆறு வருடத்துக்குப் பிறகு திரும்பவும் அதே அடுப்பின் முன்னால் போய் நிற்பதா? மாட்டாள். அதற்காகத் துடக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகவும் அவளுக்கு மனமில்லை. தெரியாத ஊர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற சாதி அவள் இல்லை.

“ஐயரைக் கேளுங்கோ” என்றாள்.

குலேந்திரன் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். பாவம், அந்த மனிதர். அவருடைய வாழ்நாளில் ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நெடுநேரம் யோசித்துவிட்டு, “எங்கடை கோயிலெண்டால் சொல்லுவன். யப்பான் கோயிலைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. அந்தந்த ஊர்க் கோயிலுக்கு அந்தந்த ஊர் முறை. அந்த நாட்டாக்களைக் கேளுங்கோ” என்றார்.

“கேட்டீரோ? அவருக்கும் தெரியாதாம்” என்றார் குலேந்திரன், கதை முடிந்தது என்ற மாதிரி.

“அந்த நாட்டாக்களைக் கேக்கட்டாம்” என்றாள் வசந்தமலர்.

அடுத்த புதன்கிழமை மாலை நகரின் நடுவே பயண நிறுவனத்தின் அலுவலகத்தில் போகிறவர்களுக்கான விளக்கக் கூட்டம். குலேந்திரன் வரவில்லை. வசந்தமலர் வேலையிலிருந்து நேரே ரயிலெடுத்துப் போனாள். இருபது நோர்வேக்காரர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், நல்ல நடைச் சப்பாத்துகளோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவி ஹருமி என்ற யப்பான் பெண். ஐம்பது வயதிருக்கும், ஒஸ்லோவில் வாழ்க்கைப்பட்டு இருபது வருடமாகிறதாம். எப்படிக் குனிய வேண்டும், எங்கே சப்பாத்துக் கழற்ற வேண்டும், நாராவில் மான்களிடம் எப்படிக் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, “கேள்வி ஏதாவது?” என்றார்.

ஒருவர் மின்சாரச் செருகியைப் பற்றிக் கேட்டார். ஒரு அம்மா பச்சை மீன் சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். வசந்தமலர் கையை உயர்த்தினாள். இதை நோர்வே மொழியில் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும்.

“என் கணவரின் குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டார். எங்கள் முறைப்படி முப்பத்தொரு நாள் நாங்கள் கோயிலுக்குள் போகக் கூடாது. உங்கள் கோயில்களுக்கு நான் வரலாமா?”

நோர்வேக்காரர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த கிழவர் அனுதாபத்தோடு அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் ஹருமியின் முகம் மாறிவிட்டது. கையில் இருந்த தாள்களை மேசையில் வைத்துவிட்டு, நேரே அவள் முன்னால் வந்து நின்றார்.

“முப்பத்தொன்றா?” என்றார். “எங்களுக்கு ஐம்பது.”

“என்ன ஐம்பது?”

“என் அம்மா பெப்ரவரியில் இறந்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி ஐம்பது நாள் நான் சிவப்பு வாசல் உள்ள கோயில்களுக்குள் போவதில்லை. அவை பழைய தெய்வங்களின் கோயில்கள். சாவுத் தீட்டு அங்கே ஆகாது. இந்தப் பயணத்திலும் நான் வெளியில்தான் நிற்பேன். நீங்கள் எல்லோரும் போய் வருவீர்கள்.” பிறகு வசந்தமலரின் தாளை வாங்கிப் பேனையால் குறித்துக்கொண்டே போனார். “புத்தர் கோயில் வேறு. செத்த வீட்டுச் சடங்கே அங்கேதான் நடக்கும். அங்கே துக்கத்தோடு வரலாம். இது போகலாம், இது போகலாம், இதுவும். இந்த மூன்றும் ஆகாது. உங்களுக்கு எப்போது முடிகிறது?”

“ஏப்ரல் ஏழு.”

“எனக்கு ஆறு. மியாஜிமா எட்டாம் தேதி. அந்தக் கோயிலுக்குள் இரண்டு பேரும் போகலாம்!”

வசந்தமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பத்தொரு நாள், ஐம்பது நாள் என்று சொல்லி விளங்கிக்கொள்ள உலகத்தில் இன்னொரு சனம் இருக்கிறது. அதுவும் ஒரு சொந்தக்காரரும் இல்லாத நாட்டில்!

வீட்டுக்கு வந்து குறித்த தாளைக் குலேந்திரனின் முன்னால் விரித்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசியில் உண்மையைச் சொன்னார்.

“அண்ணையின்ரை செத்த வீட்டுக்கும் போகேல்லை, வசந்தி. அந்தியேட்டிக்காவது நான் போக வேணும்.”

“போங்கோ” என்றாள். “உங்கடை அண்ணை. நான் மறிக்கேல்லை.”

“அப்ப நீர்?”

“நான் யப்பான் போறன்.”

“தனியவோ!”

“இருபத்தொரு பேரோடை.”

“சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். துடக்கு நான் காப்பன். அழ வேண்டியதை அழுதிட்டன். சமைக்க மட்டும் என்னாலை ஏலாது.”

அன்றிரவு... இல்லை, அவ்வளவு பொறுக்கவில்லை. அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்து மகேசனின் மனைவி புஷ்பமலரோடு தானே கதைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நன்றாக அழுதார்கள். பிறகு சொன்னாள்: “அக்கா, அவர் வருவார். நான் வரேல்லை. நான் யப்பான் போறன்.” அதுவரைக்கும் ‘நீ’, ‘உனக்கு’ என்று கதைத்துக்கொண்டிருந்த புஷ்பமலர், “சரி, உங்கடை விருப்பம். நாங்கள் என்ன சொல்லக் கிடக்கு?” என்று வைத்துவிட்டார். அந்த ‘உங்கடை’ வசந்தமலருக்குச் சுள்ளென்று பட்டது. இரண்டு நாள் வலித்தது. ஆனாலும் மேட்டில் நடக்கப் போவதை அவள் விடவில்லை.

துரொண்ட்ஹெய்மில் படிக்கும் யதுர்ஷா மட்டும், “அம்மா, போங்கோ. போகாட்டில் நான் வந்து தள்ளிவிடுவன்” என்றாள்.

மார்ச் முப்பதாம் தேதி குலேந்திரன்தான் காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அவருடைய ரொறொன்ரோப் பயணம் மூன்று நாள் கழித்து. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பின் இருக்கையிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு கிலோ கறித்தூளும் இரண்டு பைக்கற் பருத்தித்துறை வடையும்.

“உது ஆருக்கு?”

“தற்செயலா எங்கடை ஆக்கள் ஆரையும் கண்டால்... வெறுங்கையோடையே போறது?”

வசந்தமலர் சிரித்துவிட்டாள். மூன்று கிழமையில் முதல் சிரிப்பு. பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

யப்பானில் அவள் என்ன பார்த்தாள் என்று கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வாள். டோக்கியோவில் ஆள் உயரத்தை விடப் பெரிய சிவப்பு விளக்குக் கூடு தொங்கும் புத்தர் கோயிலில், ஹருமி குறித்துத் தந்தபடி துணிந்து உள்ளே போனாள். பெரிய அண்டாவில் புகைந்த ஊதுபத்திப் புகையைச் சனத்தோடு சனமாகத் தலையில் அள்ளிவிட்டுக்கொண்டு, மகேசனுக்காக ஒரு பத்தி கொளுத்தினாள். ஃபூஜி மலை முகிலுக்குள் ஒளித்துக்கொண்டு அரை மணித்தியாலம் பேய்க்காட்டிவிட்டு, பேருந்து புறப்படும் நேரத்தில் சடாரென்று முழுதாக வந்து நின்றது. நாராவில் ஒரு மான் அவளுடைய பயணத் தாளைக் கைப்பையிலிருந்து இழுத்து, ஹிரோஷிமா வரைக்கும் தின்றுவிட்டது. ஒவ்வொரு நாள் காலையும் யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ கோப்பை கழுவினார்கள். முதல் இரண்டு நாள் சாப்பிட்ட கோப்பைகளை அவள் தானாகவே அடுக்கித் தூக்கிக்கொண்டு எழும்பினாள். மூன்றாம் நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகிவிட்டாள்.

கியோட்டோவில் அந்தச் சிவப்பு வாசல் மலை வந்தது. நாலு மாதம் பனிக்குள் நடந்து பழகிய மலை. நோர்வேக்காரர் எல்லோரும் கைத்தடிகளோடு முதல் வாசலுக்குள் நுழைந்து மறைந்தார்கள். வசந்தமலரும் ஹருமியும் வெளியில், ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். ஏறலாம்தான். கேட்க ஒருவரும் இல்லை. காலும் ஏறு ஏறு என்றது.

“ஏற வேண்டும் என்று மனம் கேட்கிறதா?” என்றார் ஹருமி.

“கேட்கிறது” என்றாள். “ஆனால் அந்த மனிதருக்கு நான் சமைக்கவும் போகவில்லை. இதையாவது செய்ய வேண்டும்.”

இரண்டரை மணித்தியாலம் அப்படியே இருந்தார்கள். ஹருமி தன் தாயைப் பற்றிச் சொன்னார். வசந்தமலர் மகேசனைப் பற்றிச் சொன்னாள். வானில் இடமில்லாமல் போன கதையையும் சொன்னாள். அதைப் பிறத்தியார் ஒருவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. மலை அங்கேயே நின்றது. அவளுக்கு உண்மையாகவே கவலையாகத்தான் இருந்தது.

எட்டாம் தேதி மியாஜிமா. கடலுக்குள் நிற்கும் பெரிய சிவப்பு வாசல். அவர்கள் போன நேரம் கடல் வற்றிக் கிடந்தது. சேற்று மணலில் சனம் நடந்துகொண்டிருந்தது. ஹருமி அவள் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் நேரே நடந்தார்கள். குட்டைகளைச் சுற்றிப் போகப் பொறுமையில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர் போனது, காலுறை நனைந்தது, கால்சட்டை முழங்கால் வரை உப்புத் தண்ணீர். வாசலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு ஈடாவின் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. சில நாள் ஹவுகெட்டோ நிலையத்தில் காண்பதுண்டு. ‘நனைந்தேனடி ஈடா, நல்லாய் நனைந்தேன்’ என்று வாய்விட்டே சொன்னாள், தமிழில்.

பத்தாம் தேதி பின்னேரம் பெட்டியை இழுத்துக்கொண்டு ஹவுகெட்டோவில் இறங்கினாள். நிலையத்தின் ஓரத்தில் கறுத்துப்போன பனிக்குவியல் இன்னும் கரைந்து முடியவில்லை. குலேந்திரன் முதல் நாளே வந்துவிட்டார். வீட்டுக் கதவைத் திறக்கச் சோற்று வாசம் வந்தது. மனிதர் அடுப்படியில் நின்று கத்தரிக்காய்க் கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். இடது கைப் பெருவிரலில் ஒரு காயக்கட்டு.

“வாரும், இரும். சாப்பாடு முடியுது” என்றார்.

வசந்தமலர் இருந்தாள். கோப்பை எடுத்து வைக்க எழும்பவில்லை. அந்தியேட்டி நல்லபடி முடிந்ததா, புஷ்பமக்கா எப்படி என்று கேட்டாள். எல்லாம் நல்லபடி என்றார். லண்டன் ஆட்கள் வந்தார்களா? வந்தார்களாம். பிறகு, கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்ததைக் கேட்டுவிட்டாள்.

“நயாகரா போனியளோ?”

அகப்பை நின்றது.

“லண்டன் ஆக்கள் பாக்க வேணுமெண்டவை” என்றார் அடுப்பைப் பார்த்தபடியே. “அந்தியேட்டிக்கு முதல் நாள் காலமை எல்லாரும் வெளிக்கிட்டவை. சமையலுக்கு ஆள் காணாது எண்டு என்னை மரக்கறி வெட்ட விட்டவை. நானும் வாறன் எண்டுதான் சொன்னனான். பூசணிக்காயை வெட்டி முடிச்சு, கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வர...”

பெருவிரல் காயக்கட்டைத் தடவினார்.

“வானிலை இடமில்லை” என்றாள் வசந்தமலர்.

“ஓம்.”

கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. குலேந்திரன் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. “நாள் முழுக்க அந்தக் குசினிக்குள்ளை தனிய நிண்டனான். வெங்காயம் வெட்டுற சாட்டிலை அழுதனான் எண்டு நினையும். உம்மைத்தான் நினைச்சனான். ஆறு வருசம்! நீர் அண்டைக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே, வசந்தி?”

“சொன்னனான்” என்றாள். “நில்லுங்கோ, நானும் வாறன் எண்டு கத்தினனான். உங்களுக்குக் கேட்டிருக்காது. நீங்கள் வானுக்குள்ளை இருந்தனீங்கள்.”

அவர் அகப்பையை எடுத்தார். சோறும் கறியும் போட்டு அவள் முன்னால் வைத்தார். பிறகு அறைக்குள் போய், அலுமாரியில் எதையோ துழாவி, யதுர்ஷாவின் உலகப்படப் புத்தகத்தோடு வந்து எதிர்க்கதிரையில் இருந்தார். பக்கங்களைப் புரட்டி, கண்ணாடியைப் போட்டு, காயக்கட்டுப் பெருவிரலை ஒரு நீளமான நாட்டின் மேல் வைத்தார்.

“சிலி?” என்றார்.

“அங்கை ஆர் இருக்கினம்?”

“தெரியாது. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை.”